காய்ச்சல் இல்லாத முப்பது நாள்

கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்ட ஒருவர் முதல் மூன்று மாதத்துக்குள் எதனால் எல்லாம் சாகக்கூடும் என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து அதை நான் கைப்பட எழுதி எடுத்தேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, கண்ட இடத்துக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுவிட்டு, சும்மா இருக்கத் தெரியாமல் பாளையங்கோட்டையில் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தவன் நான். அங்கே படித்த நண்பன் ஒருவன் உள்ளே கூட்டிப்போவான். அவன் பரீட்சைக்குப் படிக்காத புத்தகங்களை எல்லாம் நான் படித்தேன்.

அறுவைக்கு முன்பே சிறுநீரகம் சோர்ந்து போயிருப்பது. உடம்பு எலும்பும் தோலுமாக இருப்பது. முன்பே செயற்கை மூச்சில் கிடந்தது. மேசையில் பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. வயிற்றை மறுபடி திறக்க நேர்ந்தது. எல்லாவற்றையும் விடப் பொல்லாததாக, கிருமித் தொற்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம் போட்டேன். அத்தானுக்கு எது உண்டு, எது இல்லை என்று குறித்துக்கொள்வதற்கு.

அத்தான் என் அக்காவின் கணவர். அம்பாசமுத்திரத்தில் கணக்கு வாத்தியார், முப்பத்தெட்டு வயது. முட்டைகூடத் தொடாத சைவ வீட்டுப் பிள்ளை, ஒரு சொட்டு குடித்தவரில்லை. அவருடைய ஈரல் ஏன் சுருங்கியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. காரணம் தெரியவில்லை என்பதற்கே டாக்டர்கள் நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். சொந்தக்காரர்களிடம் அந்தப் பெயர் செல்லுபடியாகவில்லை. "தண்ணி போடாமலா ஈரல் போவும்? வாத்தியாரு கமுக்கமா போட்டிருப்பாரு" என்று என் சித்தப்பா ஒருவர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக்கொண்டே சொன்னார். எதிர் வரிசையில் அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

அந்த வருஷங்களில் இந்த அறுவை நாட்டிலேயே அபூர்வம். சென்னையில் செய்கிறார்கள் என்று கண்டுபிடித்தது நான். கடிதம் எழுதியது நான். அத்தானுக்கு அப்பா இல்லை, உடன்பிறந்த ஆண்பிள்ளைகளும் இல்லை. ஆகவே சென்னைக்குத் துணையாகப் போனது என் அப்பா. விபத்தில் மூளைச் சாவு அடைந்த ஒரு பையனின் வீட்டார் மனது வைத்தார்கள். அந்தப் பையன் யாரென்று எங்களுக்குச் சொல்லவில்லை. அறுவை முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த முப்பத்து நாலு நாளும் அத்தானுக்கு மூத்திரப் பாத்திரம் பிடித்தது, வாந்தி துடைத்தது எல்லாம் அப்பாதான். அப்பா அதை ஒரு வேலையாகவே நினைக்கவில்லை. நினைத்தது அத்தான். மாமனார் கையால் அதைச் செய்துகொண்டதை அவர் அறுவையைவிடப் பெரிய காயமாக வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. என் பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை.

பட்டியலில் அவருக்கு விழுந்த குறி ஒன்றே ஒன்று: மெலிவு. மற்றதெல்லாம் காலி. கிருமித் தொற்று மட்டும் வராமல் பார்த்துக்கொண்டால் ஆள் பிழைத்தார் என்று கணக்குப் போட்டேன். அம்பாசமுத்திரத்தில் வாராவாரம் தேவைப்பட்ட ரத்தப் பரிசோதனைக்கு வழி இல்லாததால் மூன்று மாதம் அத்தானும் அக்காவும் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் இருப்பதென்று முடிவாயிற்று. ஒரு பரிசோதனைக்கு ரத்தத்தைச் சென்னைக்கே அனுப்ப வேண்டும். ஐஸ் போட்ட பிளாஸ்க்கைச் சாயங்கால ரயிலில் தெரிந்தவர் யார் கையிலாவது கொடுத்தனுப்புவது என் பொறுப்பு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்லக் கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. படித்த படிப்புக்கு முதன்முதலாக ஒரு வேலை கிடைத்திருந்தது.

வீட்டையே ஆஸ்பத்திரியாக்கினேன். தெருப்பக்கத்து அறையை வெள்ளையடிக்க வைத்தேன். தையல்காரரிடம் மல் துணியில் இருபது முகக் கவசம் தைத்து வாங்கினேன். பூ கூடாது, வெளிப் பிரசாதம் கூடாது, குடிக்கிற தண்ணீரை இருபது நிமிஷம் கொதிக்க வைக்க வேண்டும்.

அப்பாவுக்கு அது மட்டும் பொறுக்கவில்லை. "தாமிரவருணித் தண்ணியக் காய்ச்சணுமா? ஏலே, ஊரே இதக் குடிச்சுத்தான் இருக்கு."

"ஊருக்கு ஈரல் மாத்தலயேப்பா."

"நல்லவேள. மாத்தியிருந்தா நீ ஆத்தையே அடுப்புல ஏத்தியிருப்ப."

உள்ளேயிருந்து அத்தான் சிரித்தது கேட்டது. சத்தமில்லாமல், தையல் வலிக்காதபடி சிரிக்கப் பழகியிருந்தார்.

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை என்றால் எப்படி என்று சொல்ல வேண்டும். மாமனாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். இரண்டு முழ தூரத்தில் நின்றுகொண்டு அப்பா என்னிடம், "மாப்ளைக்கு ராத்திரி தூக்கம் வந்துதான்னு கேளு" என்பார். அத்தான் என்னிடம், "வந்துதுன்னு மாமாட்ட சொல்லும்வே" என்பார். நான் நடுவில் ஒரு தபால்காரன். அப்பா அறைக்குள் கால் வைத்தால் அத்தான் எழுந்துவிடுவார், எழுந்து சட்டையை மாட்டிக்கொள்வார். வயிற்றில் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் போட்ட மனிதர். "மாப்ள இருக்கட்டும், இருக்கச் சொல்லு" என்று அப்பா பதறி வெளியே போய்விடுவார். கழிவறை கொல்லையில் இருந்தது. அடுப்படியில் பெண்கள் நிற்கிற நேரம் அத்தான் அந்த வழியாகப் போகாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உப்பு குறைந்தால் கேட்க மாட்டார். இலையில் விழுந்ததை மிச்சம் வைக்க மாட்டார். இதற்கெல்லாம் மரியாதை என்று பெயர்.

சென்னை டாக்டர் சொன்னது எளிமையானது. தினம் நான்கு வேளை காய்ச்சல் பார்க்க வேண்டும். நூறைத் தாண்டினால் எந்த நேரமானாலும் போன் செய்ய வேண்டும், உடனே கிளம்பி வர வேண்டும். நான் அதோடு நிறுத்தவில்லை. வரைபடத் தாள் வாங்கி, அலமாரிக் கதவில் ஒட்டி, வேளைக்கு ஒரு புள்ளி வைத்து, பென்சிலால் இணைத்தேன்.

"என்னவே மச்சினரே, வாத்தியான் வாயிலயே பிரம்ப வைக்கீரு?" என்பார் அத்தான், தெர்மாமீட்டரைப் பார்த்து.

"வாயத் தொறக்காதிய அத்தான். விழுந்திரும்."

"என் பிள்ளைகளுக்கு நான் சொல்லுத வாக்கியம். திருப்பி வந்துட்டு."

வந்த நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டார். "வீடு" என்றால் அவருடைய வீடு, அம்பாசமுத்திரம். மூன்று மாதம் என்று டாக்டர் சொல்லியிருந்ததைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அவசரம் வந்துவிட்டது. "முப்பது நாள் அத்தான். முப்பது நாள் கோடு நூறத் தொடாமப் போச்சுன்னா நான் டாக்டர்ட்ட பேசுதேன்."

"முப்பதுன்னு யாருவே சொன்னா?"

"நாந்தான்."

"அப்ப சரி. வேற எந்த டாக்டரு வேணும்?"

முப்பது என்பதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. ஒரு உற்சாகத்தில் வாயில் வந்த எண். கணக்கு வாத்தியார் அதைக் கணக்காக எடுத்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து, "நீரு இப்படி வாயையே பாத்துக்கிட்டு நின்னா எச்சி முழுங்கக்கூட வெக்கமா இருக்கு. நானே வச்சுப் பாத்துச் சொல்லுதேன். கணக்கு வாத்தியானுக்கு ஒரு கோடு படிக்கத் தெரியாதா?" என்றார். தெர்மாமீட்டரைக் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளை கேட்டு இல்லை என்று சொல்லிப் பழகிய வாய் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. அவர் எண்ணைச் சொல்வார், நான் புள்ளி வைப்பேன்.

பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே மறித்தேன். எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவரைப் போய்ப் பார்க்காவிட்டால் தலைமுறைக்கும் பகை. பார்க்க விடாவிட்டால் அதைவிடப் பெரிய பகை. ஹார்லிக்ஸ் பாட்டிலையும் ஆப்பிளையும் வாங்கிக்கொண்டு ஆளைத் திருப்பி அனுப்புவேன். பன்னிரண்டாம் நாள், அப்பாவின் அக்கா, என் அத்தை, மழையில் நனைந்துகொண்டு வந்தாள். முகக் கவசம் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னேன்.

"ஏலே, அத்தையப் பாத்தா வாயக் கட்டச் சொல்லுதே?"

"எல்லாருக்கும் அதுதான் அத்தை. இருமல் கிருமல் உள்ள போயிரக் கூடாது."

"நான் என்ன தொத்து வியாதிக்காரியா? நல்லாருக்குடா." கோபம் வந்ததும் குரல் ஏறிவிட்டது. "எனக்கென்ன, பாக்காட்டாப் போவுது. வீட்டோட மாப்ளையா வச்சுக்கிட்டியளான்னு அங்கன கேக்காவ. நான் என்னத்தச் சொல்ல? இங்கனயேதான் இருக்கப் போறாரா, சொந்த வீட்டுக்கும் போவாரான்னு உங்கப்பன்ட்ட கேட்டுச் சொல்லு."

ஜன்னல் ஓரத்தில் செய்தித்தாளோடு அத்தான் உட்கார்ந்திருந்தார். அவளுடைய இருமல் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. அதில் நான் கெட்டிக்காரன்.

சாயங்காலம் அத்தான் கேட்டார்: "இன்னைக்கு எத்தனாவது நாளுவே?"

"பன்னெண்டு."

"பதினெட்டு பாக்கி" என்று சொல்லிவிட்டுத் தெர்மாமீட்டரை உதறினார்.

அதற்குப் பிறகு கோடு அழகாகப் போயிற்று. தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு, புள்ளி ஆறு, புள்ளி நான்கு. ஒரு நாள் தொண்ணூற்றொன்பது வந்து, அடுத்த வேளை இறங்கியது. அந்தத் தாளை நகல் எடுத்து டாக்டருக்கே தபாலில் அனுப்பினேன். "இவ்வளவு நல்லா சார்ட் போட்டு யாரும் அனுப்பினதில்லை" என்று அவர் போனில் சொன்னதை வீட்டில் மூன்று பேரிடம் தனித்தனியாகச் சொன்னேன்.

ஐப்பசி மழை விடாமல் பெய்தது. அத்தான் ஸ்வெட்டர் போட ஆரம்பித்தார். குளிருகிறதா என்று கேட்டால், "மழையில குளிராம வேர்க்குமா?" என்பார். ஒரு நாள் அம்மா அவருக்காகச் சொதி வைத்தாள். கல்யாணமான புதிதில் மாப்பிள்ளைக்கு வைத்த அதே தேங்காய்ப்பால் சொதி. "மாப்ள, இன்னும் ஒரு கரண்டி வச்சுக்கிடுங்க" என்று கதவோரம் நின்று கேட்டாள். அவர் மூன்று தடவை வாங்கிக்கொண்டார். பிறகு கொல்லைப்பக்கம் போய் வெகு நேரம் வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டிருந்தார், தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இலையில் மிச்சமில்லை என்பதை நான் பார்த்தேன். பசி நன்றாக இருக்கிறது என்று என் நோட்டில் எழுதினேன்.

இருபத்து நாலாம் நாள் டாக்டர் கூப்பிட்டார். ரத்தத்தில் பித்தம் ஏறியிருக்கிறது.

"காய்ச்சல் இருக்கா?"

"சுத்தமா இல்ல சார். ஒரு வேளகூட நூறத் தொடல."

"நிச்சயமா?"

"நானே சார்ட் போடுதேன் சார்."

"அப்போ உடம்பு புது ஈரலைத் தள்ளப் பாக்குதுன்னுதான் எடுத்துக்கணும். திங்கட்கிழமை இங்க கூட்டிட்டு வந்துடுங்க, ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பாத்துடலாம். அதுவரைக்கும் இந்த மாத்திரையைக் கூட்டிக் குடுங்க."

அந்த மாத்திரையின் வேலை உடம்பின் எதிர்ப்பைக் கீழே தள்ளுவது. உடம்பு ஈரலை எதிர்க்கிறது என்றால் அதுதான் மருந்து. உள்ளே கிருமி இருக்கிறது என்றால் அதுதான் விஷம். இரண்டில் எது என்று சென்னையிலிருந்து தெரிந்துகொள்ள அவருக்கு இருந்த ஒரே கண் என் கோடு. ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பழைய மருந்துகளே அமுக்கி வைத்திருந்தன. அது காட்டிக்கொடுக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். நூலகத்தில் படித்திருந்தேன்.

அத்தானிடம் திங்கட்கிழமை சென்னை என்றேன். "மாமா வர வேண்டாம்னு சொல்லும்வே. நீரும் நானும் போதும்" என்றார். மாத்திரையை எண்ணி உள்ளங்கையில் வைத்தேன். விழுங்கினார்.

இருபத்தாறாம் நாள், சனிக்கிழமை காலை, ரயில் டிக்கெட்டோடு அப்பா அறைக்குள் வந்தார். அத்தான் எழுந்து, கொடியில் கிடந்த சட்டைக்குக் கை நீட்டினார். சட்டையோடு கொடியும் சேர்ந்து கீழே வந்தது. தூக்கிய என் கை சுட்டது. அந்த மனிதரை நான் அதற்கு முன் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்தேன். நூற்று நாலை நெருங்கியிருந்தது. என் காதுபட அப்பா முதல்முறையாக அவரிடம் நேராகப் பேசினார்: "மாப்ள, கண்ணத் தொறங்க மாப்ள." கண் திறக்கவில்லை.

பக்கத்து ஆஸ்பத்திரியில் மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கோவில்பட்டி தாண்டவில்லை. அக்கா மடியில் தலை இருந்தது. ஓரமாக நிறுத்திய வேனில் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அவுக வீட்டுக்குக் கொண்டு போவோம்." காரியம் அவர் வீட்டில்தான் நடக்க வேண்டும், அதுதான் முறை. வண்டி திரும்பி, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்காமல், நேரே அம்பாசமுத்திரம் போனது. கணக்குக்கு நான்கு நாள் முன்னதாக.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். "பெத்த பிள்ள பாக்காது, அப்படிப் பாத்தான்." பாயசச் சித்தப்பாவும் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டேன். உடம்பு ஈரலைத் தள்ளிவிட்டது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் பதிவேட்டைத் திருப்பிக் கேட்டார்கள். அவருடைய பையில் தேடும்போது ஒரு கையடக்க டைரி கிடைத்தது. தேதி போட்டு, கோடு கிழித்து, இரண்டு பத்தி. ஒன்றுக்குத் தலைப்பு "பார்த்தது". மற்றதற்கு "சொன்னது". பதிமூன்றாம் நாள் வரை இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பதினாலாம் நாள் சாயங்காலம் பார்த்தது நூறு புள்ளி நான்கு, சொன்னது தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. அதன் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு தினமும், பிறகு வேளைதோறும். கடைசி வெள்ளிக்கிழமை பார்த்தது நூற்று மூன்று. எப்போதும் ஒரே எண்ணைச் சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும் என்று தெரிந்து பொய்யை ஏற்றி இறக்கியிருந்தார். தொண்ணூற்றொன்பது என்று ஒரு தடவை சொன்னதும் அதற்காகத்தான். என்னை அவர் நன்றாகப் படித்திருந்தார்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து டாக்டரைக் கூப்பிட்டு எண்களை வாசித்தேன். முடிந்ததும், "ஏன் மறைச்சார்?" என்றார்.

"மாமனார் வீடு சார்."

"என்னது?"

"ஒண்ணுமில்ல சார்."

அந்த வாரமே அக்கா என்னைக் கேட்டாள். அவள் அம்பாசமுத்திரம் வீட்டிலேயே இருந்துவிட்டிருந்தாள். மழை விட்டிருந்தது, முற்றத்தில் அவருடைய வேட்டிகளை யாருக்கோ கொடுப்பதற்காக மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, ஒண்ணு கேக்கேன். அவுகளுக்குக் காய்ச்சல் நெசமாவே இல்லதானே?"

"ஏன் கேக்க?"

"ரெண்டு மூணு தடவ நெத்தியத் தொட்டேன். சுட்ட மாதிரி இருந்துது. ஒன்ட்ட சொல்லலாம்னு வந்தேன். நீ கோட்டக் காட்டி, பாத்தியாக்கா எப்படிப் போவுதுன்னு ஒரே சந்தோசமா நின்ன. படிச்சவன் கணக்குப் போட்டு வச்சிருக்கான், என் கையி என்னத்தக் கண்டுதுன்னு போயிட்டேன்."

என் சட்டைப் பையில் டைரி இருந்தது.

"இல்லக்கா. கோடு சரிதான்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வேட்டியை எடுத்தாள். பத்து நிமிஷத்தில் பஸ் ஏறினேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னதாகப் பல வருஷம் நம்பினேன். உண்மையில் எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவர் போன அடுத்த வருஷம் எனக்கு ஒரு ஆய்வகத்தில் வேலை கிடைத்தது, எண்களைச் சரிபார்க்கிற வேலை. யாராவது எண்ணை வாயால் சொன்னால், கருவியை என்னிடம் காட்டு என்று கத்துவேன். பொல்லாதவன் என்று பெயர் வாங்கியாயிற்று.

இதை எழுதத் தொடங்கியபோது, அச்சில் பார்த்து அக்கா தெரிந்துகொள்வது நியாயமில்லை என்று பட்டது. போன ஞாயிற்றுக்கிழமை டைரியை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பத்தியும் என்னவென்று சொன்னேன். அத்தை ஜன்னலில் பேசியதையும், முப்பது நாள் என்று நான் சொன்னதையும் சொன்னேன். அவள் முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இது செவ்வாக்கெழமதானே?"

"ஆமா."

"அன்னைக்கு நான் தொட்டுப் பாத்தேன்."

"சொன்னியே."

"நூத்தொண்ணு போட்டிருக்காவ."

"ஆமாக்கா."

வெகு நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பிறகு டைரியை மூடித் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கே ஒன்ட்ட கேட்டேம்லா. இத்தன வருசமா என் கையில கொற சொல்லிக்கிட்டுக் கெடந்தேன்."

நான் எழுந்தேன்.

"சாப்பிட்டுட்டுப் போ" என்றாள். சோறு போட்டாள். நான் இலையை மடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, "கொஞ்ச நாளைக்கு இங்கன வராதலே" என்றாள்.